இரண்டு கோடிச் சொத்தும் ஐந்து வருடச் செலவும்: ஓய்வுக்கு முன் போட வேண்டிய கணக்கு

பெங்களூரில் ஓய்வை நெருங்கும் தமிழ்க் குடும்பங்களின் சொத்துப் பட்டியல் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். ராமமூர்த்தி நகரிலோ முருகேஷ்பாளையாவிலோ 30க்கு 40 சைட்டில் மூன்று தளக் கட்டடம். கீழே தாங்கள், மேலே குடித்தனக்காரர்கள். ஓசூர்ப் பக்கம் ஒரு காலி மனை. பி.எஃப்., கொஞ்சம் எஃப்.டி., இரண்டு மூன்று எல்.ஐ.சி. பாலிசி, பிள்ளைகள் சொல்லி ஆரம்பித்த மியூச்சுவல் ஃபண்ட். கூட்டினால் இரண்டு கோடியைத் தாண்டும். "அப்புறமென்ன, ஹாயா உட்கார வேண்டியதுதானே" என்பார்கள் சொந்தக்காரர்கள். உட்கார முடியுமா என்பதற்கு அந்த இரண்டு கோடியில் பதில் இல்லை. நாளைக்கே சம்பளம் நின்றுபோனால் எத்தனை வருடம் வீடு ஓடும் என்று கேட்டால்தான் பதில் கிடைக்கும்.

ஒரு கற்பனைத் தம்பதியை எடுத்துக்கொண்டு கணக்கைப் போடலாம். கணவருக்கு 52 வயது, தனியார் நிறுவனத்தில் வருடம் 14 லட்சம் சம்பளம், 60இல் ஓய்வு. மனைவி வீட்டைக் கவனிக்கிறார். வீட்டுக்கடன் தவணை நீங்கலாக மாதச் செலவு 55,000 ரூபாய். கட்டடம் 1.6 கோடி போகும் என்கிறார் தரகர். ஓசூர் மனை 25 லட்சம். பி.எஃப். 32 லட்சம், மியூச்சுவல் ஃபண்ட் 18 லட்சம், எஃப்.டி. 10 லட்சம், எல்.ஐ.சி.யை இன்று சரண்டர் செய்தால் 6 லட்சம். ஆக மொத்தம் 2.51 கோடி. நகையைச் சேர்க்கவில்லை. விற்கப்போவதில்லை என்று மனதுக்குள் முடிவாகிவிட்ட பொருளைச் சொத்துக் கணக்கில் எழுதி என்ன பயன்?

இனிக் கழிக்க வேண்டியவை. வீட்டுக்கடனில் பாக்கி 14 லட்சம். முதல் மாடிக் குடித்தனக்காரர் கொடுத்த ஐந்து மாத அட்வான்ஸ் 90,000. இரண்டாம் மாடி லீஸுக்கு, அதாவது மாத வாடகை இல்லாமல் மொத்தமாக ஒரு தொகை வாங்கிக்கொண்டு, விட்டது. அதற்கு வாங்கிய 12 லட்சம். இந்தக் கடைசி இரண்டையும் கடன் பட்டியலில் எழுதுகிற வீட்டுக்காரர் அபூர்வம். அட்வான்ஸ் எப்போதோ மகனின் காலேஜ் ஃபீஸாகப் போயிருக்கும். லீஸ் பணத்தில்தான் இரண்டாம் மாடியே எழும்பியிருக்கும். ஆனால் காலி செய்கிற அன்று இரண்டையும் எண்ணி வைத்தாக வேண்டும். ஆகவே கடன் 26.9 லட்சம், நிகரச் சொத்து 2.24 கோடி.

நிகரச் சொத்து போதுமா என்று பார்க்க அமெரிக்காவிலிருந்து பரவிய ஒரு சூத்திரம் உண்டு: வயதை வருட வருமானத்தால் பெருக்கிப் பத்தால் வகுக்க வேண்டும். இவர்களுக்கு 52 × 14 ÷ 10, அதாவது சுமார் 73 லட்சம் இருந்தால் போதும். கையில் அதைப்போல மூன்று மடங்கு இருக்கிறது! அதே சூத்திரம், 18 லட்சம் சம்பளத்தில் ஒயிட்ஃபீல்டில் வேலை பார்க்கும் 27 வயதுப் பெண்ணிடம் 48 லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டும் என்கிறது. அவர் வேலைக்கு வந்தே ஐந்தாறு வருடம்தான் ஆகியிருக்கும். இளையவர்களை வீணாகப் பயமுறுத்தும், மனை விலை ஏறிய ஊரில் இருக்கும் பெரியவர்களை வீணாகத் தைரியப்படுத்தும். இதை நம்பி எதையும் முடிவு செய்ய வேண்டாம்.

நம்பத்தக்க கணக்கு வேறு. குடியிருக்கும் கட்டடத்தை விலையாக எழுதாதீர்கள். அதிலிருந்து வரும் வாடகையை மட்டும் வருமானமாக எழுதுங்கள். காலி மனை விற்கும்வரை ஒரு ரூபாயும் தராது, அதையும் விடுங்கள். மிச்சம் பி.எஃப்., ஃபண்ட், எஃப்.டி., எல்.ஐ.சி. சேர்த்து 66 லட்சம். அதில் கடன் 26.9 போனால் 39.1 லட்சம். மகள் படிப்புக்கும் கல்யாணத்துக்கும் 15 லட்சம் என்று எடுத்து வைத்தால் 24.1 லட்சம். வருடச் செலவு 6.6 லட்சம். முதல் மாடி வாடகை, செலவெல்லாம் போக, 1.65 லட்சம் (எப்படி என்று அடுத்து வருகிறது). துண்டு விழுவது 4.95 லட்சம். 24.1 லட்சத்தை அதால் வகுத்தால் ஐந்து வருடம்கூட இல்லை.

பயப்பட வேண்டாம், கைவசம் எட்டு வருடச் சம்பளம் இருக்கிறது. அதை எங்கே போடுவது என்பதற்கு வருமான வழிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

வாடகையில் கைக்கு நிற்பது

பாசிவ் இன்கம், அதாவது வேலை பார்க்காமலே வரும் வருமானம், என்றதும் நம்மவர்கள் முதலில் நினைப்பது வாடகையைத்தான். இரண்டு படுக்கையறை வீடு, மாதம் 18,000. வருடத்துக்கு 2,16,000 என்று எழுதிக்கொள்வார்கள். அது கைக்கு வராது. ஆள் மாறும்போது வீடு காலியாகக் கிடப்பதை வருடத்துக்கு ஒரு மாதம் என்று வைத்தால் 18,000 போகும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பெயின்ட், வருடக் கணக்கில் 13,000. சொத்துவரியில் அந்தத் தளத்தின் பங்கு 6,000. மோட்டார் ரீவைண்டிங், சம்ப் கழுவல், கசியும் குழாய், கோடையில் டேங்கர் என்று 14,000. மிஞ்சுவது 1,65,000, மாதம் 13,750. எழுதிய வாடகையில் நாலில் மூன்று பங்கு. 2024 மார்ச்சில் போர்வெல்கள் வற்றி ஊரே டேங்கருக்குக் காத்திருந்த மாதிரி வருடம் வந்தால் இதிலும் குறையும்.

கட்டட விலையில் ஒரு தளத்தின் பங்கு 53 லட்சம் என்றால் இந்த வாடகை மூன்று சதவீதத்தை ஒட்டிய வருமானம். எஃப்.டி.யைவிடக் குறைவு. ஆனாலும் வாடகைக்கு ஒரு நல்ல குணம் உண்டு: விலைவாசியோடு சேர்ந்து அதுவும் ஏறும். பதினோரு மாத ஒப்பந்தத்தில் ஐந்து சதவீத உயர்வு என்று எழுதியிருப்பதை விடாமல் வாங்கினால்தான் ஏறும் என்பது வேறு விஷயம். "நல்ல மனுஷங்க, பத்து வருஷமா இருக்காங்க" என்று பழைய வாடகையிலேயே விட்டுவிடும் வீட்டுக்காரர்கள் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள். அது தாராள குணம். ஓய்வுக்குப் பின் அதற்கு ஆகும் விலை எவ்வளவு என்பதையாவது தெரிந்து வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாம் மாடி லீஸைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். 12 லட்சம் வாங்கியிருக்கிறார்கள், வாடகை கிடையாது. வட்டியில்லாக் கடன் மாதிரித் தோன்றும். ஆனால் அதே மாடியை வாடகைக்கு விட்டிருந்தால் வருடம் 1,65,000 கைக்கு வந்திருக்கும். அந்த இழப்புதான் 12 லட்சத்துக்கு இவர்கள் கட்டும் வட்டி. 13.75 சதவீதம்! வீட்டுக்கடனே எட்டு ஒன்பது சதவீதத்தில் கிடைக்கும்போது இது கொள்ளை. அந்தப் பக்கம் 10 லட்சம் எஃப்.டி. ஏழு சதவீதத்தில் தூங்குகிறது.

ஆகவே இவர்களுக்கு முதல் முதலீடு, லீஸ் முடியும் தேதியில் பணத்தைத் திருப்பிக் கொடுத்து அந்த மாடியை வாடகைக்கு மாற்றுவதுதான். எஃப்.டி.யிலிருந்து 8 லட்சம், ஃபண்டிலிருந்து 4 லட்சம். எஃப்.டி.யை முழுக்கத் துடைக்க வேண்டாம். ஆஸ்பத்திரி, வேலை இழப்பு என்று எதற்காவது 2 லட்சமாவது கையில் இருக்கட்டும். பங்கு ஃபண்டில் ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்த யூனிட்டுகளை விற்கும்போது, அந்த நிதியாண்டின் லாபம் 1.25 லட்சத்துக்குள் இருந்தால் வரி இல்லை. மேலே போகும் தொகைக்கு 12.5 சதவீதம். புதிதாக வரும் மாதம் 13,750உடன் கொஞ்சம் சேர்த்து 15,000க்கு எஸ்.ஐ.பி. (மாதாமாதம் ஃபண்டில் ஒரே தொகை போடுவது) தொடங்கினால், சம்பளத்தை அதிகம் தொடாமலே சேமிப்பு இரட்டிக்கிறது.

லீஸை முடித்து மறுபடி லீஸுக்கே விட்டு, புது ஆளிடம் வாங்கிப் பழைய ஆளுக்குக் கொடுப்பதுதான் ஊர் வழக்கம். சுழன்றுகொண்டே இருக்கும்வரை வலிக்காது. புது ஆள் கிடைக்க மூன்று மாதம் தாமதமானால் பழையவர் வீட்டைக் காலி செய்ய மாட்டார், அவசரக் கடன் வாங்க நேரும்.

வட்டி: முழுவதும் செலவுக்கல்ல

ஒரு கோடி ரூபாயை ஏழு சதவீதத்தில் போட்டால் மாதம் 58,000 வரும். "போதும்" என்று தோன்றும். விலைவாசி வருடம் ஆறு சதவீதம் ஏறினால், பன்னிரண்டு வருடத்தில் செலவு இரட்டித்துவிடும் (இரட்டிக்க ஆகும் வருடம் தெரிய 72ஐ ஏற்ற விகிதத்தால், இங்கே ஆறால், வகுத்தால் போதும்). 60 வயதில் 58,000 வாங்குபவருக்கு 72 வயதிலும் அதே 58,000தான், அதில் வாங்க முடிவது பாதி. ஏழு பங்கு வட்டியில் ஆறு பங்கு அசலின் மதிப்பைக் காப்பாற்றத் திரும்பப் போக வேண்டியது. உண்மையில் செலவழிக்கத் தக்கது ஒரே ஒரு பங்கு. வட்டியை மட்டும் நம்பும் குடும்பங்கள் முதல் ஐந்து வருடம் தாராளமாகவும் எழுபதைத் தாண்டியதும் சிக்கனமாகவும் வாழ்வதற்குக் காரணம் இதுதான்.

அதற்காக வட்டியே வேண்டாம் என்பதில்லை. தபால் நிலையத்திலும் வங்கிகளிலும் கிடைக்கும் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் 60 வயதானவருக்கு முதல் தேர்வு. ஒருவருக்கு உச்சவரம்பு 30 லட்சம். 2023 ஏப்ரலில் வட்டி 8.2 சதவீதமாக உயர்ந்தது. அந்த விகிதத்தில் 30 லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய் கணக்கில் விழும். அரசு காலாண்டுக்கு ஒருமுறை விகிதத்தை மறுபரிசீலனை செய்தாலும், நீங்கள் போட்ட நாளின் வட்டி ஐந்து வருடத்துக்கு மாறாது. முதல் வருடத்துக்குள் உடைத்தால் வட்டியே கிடையாது. இரண்டு வருடத்துக்குள் என்றால் அசலில் ஒன்றரை சதவீதம், அதன் பிறகு ஒரு சதவீதம் பிடிப்பார்கள். அவசரப் பணத்தை இதில் போடாதீர்கள். மனைவிக்கும் 60 நிறைந்தால் அவர் பேரில் தனியாக இன்னொரு 30 லட்சம் போடலாம்.

தபால் நிலைய மாத வருமானத் திட்டத்துக்கு வயது வரம்பு இல்லை. கூட்டுக் கணக்கில் 15 லட்சம் வரை, 7.4 சதவீத வட்டியில் மாதம் 9,250. அந்தப் பணம் சேமிப்புக் கணக்கில் விழுந்து அங்கேயே கிடக்காமல் செலவுக்கோ வேறு முதலீட்டுக்கோ போகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

கூட்டுறவு வங்கிகள் ஒன்றரை சதவீதம் கூடுதலாகத் தருவதைப் பார்த்து மொத்தத்தையும் அங்கே வைப்பவர்கள் உண்டு. வைப்புத்தொகைக் காப்பீடு ஒரு வங்கியில் ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரைதான். 2020 ஜனவரியில் பசவனகுடியிலிருந்த ஒரு கூட்டுறவு வங்கியில் ஒருவர் எடுக்கக்கூடிய தொகையை ரிசர்வ் வங்கி 35,000 ரூபாய் என்று கட்டுப்படுத்தியது. ஓய்வூதியப் பணம் முழுவதையும் அங்கே வைத்திருந்தவர்களின் நிலையை யோசித்துப் பாருங்கள். இன்னும் மோசமானது, மாதம் இரண்டு மூன்று சதவீதம் "லாபப் பங்கு" என்று சொல்லிப் பணம் திரட்டும் கம்பெனிகள். சிவாஜிநகரில் நகைக்கடையோடு நடந்த ஐ.எம்.ஏ. 2019 ஜூனில் சரிந்தபோது ஆயிரக்கணக்கான குடும்பங்களின் பணம் சிக்கியது. மாதம் சரியாக வந்துகொண்டிருந்தது என்பதுதான் எல்லாரும் சொன்ன நம்பிக்கைக் காரணம். புதிதாகச் சேர்பவரின் பணத்திலிருந்து கொடுக்கும்வரை அப்படித்தான் வரும்.

சந்தையிலிருந்து மாதப்பணம்

மியூச்சுவல் ஃபண்டில் டிவிடெண்ட் ஆப்ஷன் என்று இருந்ததைத் தேர்ந்தெடுத்து "மாசாமாசம் வருமானம்" என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தப் பணம் உங்கள் யூனிட் மதிப்பிலிருந்தே கழிக்கப்பட்டு வருவது. அதனால்தான் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி அதன் பெயரையே 2021 ஏப்ரலிலிருந்து மூலதனத்தையும் எடுத்துத் தருவது என்று புரியும்படி மாற்ற வைத்தது. வந்த தொகைக்கு உங்கள் வரிப்படியில் வரியும் உண்டு. லாபத்தை வெளியே தராமல் ஃபண்டிலேயே வளரவிடும் க்ரோத் ஆப்ஷனில் வைத்து, தேவையான தொகையை மாதாமாதம் தானாக எடுக்கும் எஸ்.டபிள்யூ.பி. போடுவது மேல். லாபப் பகுதிக்கு மட்டும்தான் வரி.

இதில் தவறு நடப்பது தொகையைத் தீர்மானிப்பதில். 50 லட்சம் போட்டு மாதம் 25,000 எடுக்கிறீர்கள். வருடம் ஆறு சதவீதம், பார்க்க நியாயமாகத்தான் இருக்கிறது. முதல் வருடமே சந்தை 30 சதவீதம் விழுந்தால் 35 லட்சம். நீங்கள் எடுத்த 3 லட்சம் போக 32. அடுத்த வருடம் எடுக்கும் அதே 3 லட்சம் இப்போது ஒன்பது சதவீதத்துக்கு மேல். சந்தை பிறகு எழுந்தாலும், அடிமட்ட விலையில் விற்ற யூனிட்டுகள் திரும்பி வராது. அதே வீழ்ச்சி பத்தாவது வருடத்தில் வந்திருந்தால் பெரிதாக ஒன்றும் ஆகியிருக்காது. அதனால் ஓய்வின் தொடக்கத்தில் இரண்டு மூன்று வருடத் தேவையை எஃப்.டி.யிலும் நினைத்தபோது எடுக்கக்கூடிய லிக்விட் ஃபண்டிலும் தனியாக வைத்துக்கொண்டு, சந்தை விழும்போது பங்கு ஃபண்டைத் தொடாமல் அதிலிருந்து செலவழிக்க வேண்டும்.

கட்டடமும் வேண்டும், குழாய் ரிப்பேரும் வேண்டாம் என்பவர்களுக்கு ரீட் இருக்கிறது: பலரிடம் பணம் திரட்டி, வாடகை வரும் பெரிய கட்டடங்களை வைத்திருக்கும் அறக்கட்டளை, அதன் யூனிட்டுகள் பங்குச் சந்தையில் கிடைக்கும். நாட்டின் முதல் ரீட் 2019இல் பட்டியலான எம்பசி. நாகவாராவின் மான்யதா டெக் பார்க் அதன் கையில்தான். விநியோகிக்கத் தக்க பணத்தில் 90 சதவீதமாவது யூனிட்தாரர்களுக்குக் கொடுத்தாக வேண்டும் என்பது விதி. ஒரு யூனிட்கூட வாங்கலாம். விலை பங்கு போலவே ஏறி இறங்கும். மொத்தச் சேமிப்பில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம் என்பது எங்கள் அபிப்பிராயம்.

எவ்வளவு சேர்ந்தால் போதும்

1994இல் வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க ஆலோசகர், முதல் வருடம் சேமிப்பில் நான்கு சதவீதம் எடுத்து, பிறகு விலைவாசிக்கு ஏற்பக் கூட்டிக்கொண்டே போனால் 30 வருடம் தாங்கும் என்று அந்நாட்டுச் சந்தை வரலாற்றை வைத்துக் காட்டினார். நான்கு சதவீதம் என்றால் வருடத் துண்டைப்போல 25 மடங்கு சேமிப்பு. நம் விலைவாசி அங்கேயுள்ளதைவிட வேகமானது. 30 மடங்கு என்று வைப்பதே உசிதம்.

நம் தம்பதிக்கு இதைப் பொருத்துவோம். இன்றைய 55,000 எட்டு வருடத்தில், ஆறு சதவீத ஏற்றத்தில், 88,000 ஆகும். இரண்டு மாடி வாடகையின் நிகரம் இன்று 27,500. ஐந்து சதவீத ஏற்றத்தில் 40,600. பி.எஃப். பென்ஷன் 4,000 என்று வைக்கலாம். அந்தப் பென்ஷன் கணக்கிடப்படும் சம்பளத்துக்கு 15,000 என்று உச்சவரம்பு உண்டு. அதைச் சேவை வருடங்களால் பெருக்கி 70ஆல் வகுப்பார்கள். பெரிய சம்பளக்காரருக்கும் ஏழாயிரத்து ஐந்நூறைத் தாண்டாமல் நிற்பது அதனால்தான். விலைவாசிக்கு ஏற்ப ஏறவும் ஏறாது. துண்டு மாதம் 43,400, வருடம் 5.2 லட்சம். முப்பதால் பெருக்கினால் இலக்கு 1.56 கோடி.

வீட்டுக்கடன் தவணைகள் ஓய்வுக்குள் சம்பளத்திலேயே முடிந்துவிடும் என்று கொள்வோம். லீஸை முடித்த பிறகு கையிலிருக்கும் பி.எஃப். 32 லட்சம், மாதம் 12,000 புதிதாகச் சேர, 8.25 சதவீதத்தில் எட்டு வருடத்தில் 76 லட்சத்தை ஒட்டி வரும். ஃபண்டில் மிச்சமான 14 லட்சமும் மாதம் 15,000 எஸ்.ஐ.பி.யும் பத்து சதவீதம் வளர்ந்தால் 51 லட்சம். எல்.ஐ.சி. 9, எஃப்.டி. 3. ஆக 1.39 கோடி. அப்போது மகளுக்கு ஆகும் 20 லட்சம் போனால் 1.19 கோடிதான். ஓசூர் மனையை 30 லட்சத்துக்கு விற்றால் 1.49 கோடி. இலக்குக்கு ஏழு லட்சம் குறைவு. ஒரு வருடம் கூடுதலாக வேலை பார்த்தாலோ, மாதச் செலவில் இரண்டாயிரம் குறைத்தாலோ சரியாகிவிடும். மனையை "பசங்களுக்கு இருக்கட்டும்" என்று விட்டால் குறைவு 37 லட்சம். மனையா நிம்மதியா என்று இவர்கள் 52 வயதிலேயே பேசி முடிக்க வேண்டும். விற்பதாக இருந்தால் பட்டா தங்கள் பேரில் மாறியிருக்கிறதா என்று இப்போதே பார்க்க வேண்டும். அவசரத்தில் விற்பவரின் பத்திரக் குறையைச் சொல்லித்தான் விலையை அடிப்பார்கள். பெங்களூர்க் கட்டடத்துக்கும் 2024 அக்டோபரிலிருந்து இ-காத்தா (மாநகராட்சியின் மின்னணுச் சொத்துப் பதிவு) இல்லாமல் பத்திரப்பதிவு நடக்காது.

மேலே சொன்ன 8.25, பத்து சதவீதங்கள் உத்தரவாதமில்லை. பத்துக்குப் பதில் எட்டு என்று போட்டு ஒருமுறை கணக்குப் பாருங்கள். அப்போதும் சமாளிக்க முடியும் என்றால்தான் திட்டம்.

இந்தக் கணக்கில் வராத பெரிய செலவு ஆஸ்பத்திரி. கம்பெனியின் குழுக் காப்பீடு ஓய்வு நாளோடு முடிந்துவிடும். ஏற்கெனவே உள்ள சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்குத் தனிநபர் பாலிசியில் மூன்று வருடம் வரை காத்திருப்பு இருக்கலாம். அதனால் 55 வயதுக்குள் சொந்தப் பாலிசி எடுத்து, வேலையில் இருக்கும்போதே அந்தக் காத்திருப்பைக் கழித்துவிட வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் உடல்நலக் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. பிரீமியத்தை மாதச் செலவிலேயே சேர்த்து எழுதுங்கள்.

வரி பற்றி ஓய்வு பெறுபவர்கள் பயப்படும் அளவுக்கு இல்லை. 2025-26 முதல் புதிய வருமானவரி முறையில் 12 லட்சம் வரையிலான வருமானத்துக்கு வரி இல்லை, ஆனால் பங்கு லாபம் இந்தச் சலுகைக்குள் வராது. வாடகையில் சொத்துவரி போக மிச்சத்தில் 30 சதவீதத்தைச் செலவாகக் கழித்துக்கொள்ளலாம். மூத்த குடிமக்களின் வட்டி ஒரு வங்கியில் வருடம் ஒரு லட்சத்தைத் தாண்டினால் டி.டி.எஸ். (வட்டியைத் தரும்போதே கழிக்கும் வரி) பிடிப்பார்கள், வரி கட்ட வேண்டிய நிலை இல்லையென்றால் நிதியாண்டின் தொடக்கத்திலேயே அதற்கான உறுதிமொழிப் படிவத்தைக் கொடுத்துவிடலாம்.

கணக்கை வருடம் ஒருமுறை புதுப்பிக்க ஏப்ரல் தோதான மாதம். சொத்துவரியை அந்த மாதத்துக்குள் கட்டினால் ஐந்து சதவீதத் தள்ளுபடி கிடைக்கிறது. எப்படியும் காகிதங்களை வெளியே எடுப்பீர்கள். பி.எஃப். பாஸ்புக், ஃபண்டுகளின் ஒருங்கிணைந்த அறிக்கை, எஃப்.டி. ரசீதுகள், வாடகை ஒப்பந்தங்கள், லீஸ் முடியும் தேதி, கடன் பாக்கி, பன்னிரண்டு மாத வங்கிக் கணக்கிலிருந்து உண்மையான செலவு. ஒரே தாளில் எழுதி, கணவன் மனைவி இருவரும் உட்கார்ந்து, நாமினி பெயர்களையும் அதே தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பழைய பாலிசிகளில் நாமினியாக இன்னும் அம்மாவின் பெயரே இருப்பது அப்போதுதான் கண்ணில் படும்.